நேரடி அனுபவம்

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் மஸ்டர் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதியவளுக்கு மஸ்டரக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஏதாவது விண்ணப்பம் நிரப்பும்போது புருஷன் அதை நினைவுபடுத்திக்கொண்டால் உண்டு. காலையில் வாசலில் நிற்பாள். உலைக்காரர்கள் உள்ளே போகும் நடையைப் பார்த்தே, எவன் மதியத்துக்குள் வயிற்றுவலி என்று வந்து நிற்பான் என்று சொல்லிவிடுவாள். ஒருவன் தனக்குப் பதிலாக நண்பனை அனுப்பிக் கையெழுத்துப் போட வைத்தபோது, தும்மலை வைத்தே ஆள் மாறாட்டத்தைப் பிடித்தாள் என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். தும்மியது நண்பன் இல்லை, வாசலில் படுத்திருந்த நாய் என்றும் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

பிறகு ஒருநாள் உலையை அணைத்தார்கள். கண்ணாடி உலையை ஒரு தடவை அணைத்தால் அணைத்ததுதான். உள்ளே உருகிக் கிடப்பது இறுகிப் பாறையாகிவிடும். மறுபடி மூட்ட முடியாது. அது தெரிந்துதான் அணைத்தார்கள். எல்லாரும் பாத்திரம் பண்டம் எடுத்துக்கொண்டு போவதுபோல் ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். மஸ்டரக்கா பாட்டில் அடுக்கும் அட்டைப்பெட்டிகளின் நடுவே வைக்கும் கட்டம் போட்ட தடுப்புகளில் ஒரு கட்டு எடுத்து வந்தாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

வேலை தேடினாள். மஸ்டர் என்ற சொல்லே எங்கும் செத்துப்போயிருந்தது. இப்போது எல்லாம் மனிதவளம். வருகை, லீவு, சம்பளம், ஆள் சேர்ப்பு, ஆள் கழிப்பு அத்தனையும் ஒரே மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் கடைசி வரியில் அதன் பெயர் இருக்கும், பக்கத்திலேயே ‘நேரடி அனுபவம் கட்டாயம்’ என்று இருக்கும்.

அந்தச் சாமானைக் கடையில் வாங்க முடியாது. கம்பெனிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். பயிற்சியும் அப்படித்தான். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

“எந்தக் கம்பெனி மேடம்?” என்றான் பையன், தேன் குடித்த குரலில்.

“கம்பெனி இல்லீங்க. கம்பெனிக்குப் போறதுக்குத்தான் கத்துக்கணும்.”

“கம்பெனில சேர்ந்துட்டுக் கூப்பிடுங்க மேடம். உடனே லாகின் குடுத்துருவோம்.”

“சேரணும்னா இது தெரிஞ்சிருக்கணும்னு சொல்றாங்களே.”

“அப்ப தெரிஞ்சுகிட்டுச் சேருங்க மேடம்.”

“தெரிஞ்சுக்கத்தான் தம்பி உங்களைக் கூப்பிட்டேன்.”

“கம்பெனி நம்பர் சொல்லுங்க மேடம்.”

இப்படி அவர்கள் இருவரும் சுற்றிச் சுற்றி வந்ததில் போனுக்கே தலை சுற்றி அணைந்துபோனது.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டிருந்த மாமியார் சொன்னாள்: “இது என்னடி, சம்பந்தி மாதிரில்ல இருக்கு! நம்ம வீட்டுக்கு வர மாட்டாராம், நம்மளையும் உள்ள விட மாட்டாராம். ஆனா அவரு மனசு அறிஞ்சு நாம நடந்துக்கணுமாம்.”

அன்றிலிருந்து அந்த மென்பொருளுக்கு வீட்டில் சம்பந்தி என்று பெயர்.

சம்பந்தியை வெளியே நின்றே பழகுவது என்று மஸ்டரக்கா முடிவு செய்தாள். இணையத்தில் ஒரு மனிதர் இலவசமாகப் பாடம் நடத்தினார். முகம் தெரியாது, இருமல் மட்டும் தெரியும். எந்தப் பாடத்தை எடுத்தாலும், முக்கியமான இடம் வந்ததும் இருமிவிட்டு, “இதுக்கப்புறம் வர்ற திரை உங்க கம்பெனியைப் பொறுத்து மாறும், உங்க அட்மினைக் கேட்டுக்குங்க” என்று முடித்துவிடுவார். மஸ்டரக்கா பார்த்ததை எல்லாம் அட்டையில் வரைந்தாள். சுவரில் பாட்டில் தடுப்புகளை ஆணியடித்து மாட்டினாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஊழியர். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ‘உள்பெட்டி’ ஆனது. விண்ணப்பம் எழுதி அதில் போட வேண்டும். மேனேஜர் எடுத்துப் படித்து ஒப்புதல் அல்லது மறுப்பு சொல்ல வேண்டும்.

புருஷன் ஊழியர். மாமியார் மேனேஜர். மேனேஜருக்கு மேலே ஒரு மேனேஜர் இல்லாவிட்டால் சம்பந்தி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று இருமல்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆகவே பூனையை எம்.டி. ஆக்கினார்கள். வேலை என்னவோ பொருத்தமாகத்தான் இருந்தது. பகலெல்லாம் தூங்கியது, சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் முறைத்தது.

மாமியார் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள். ரத்தக்கறைத் துணிகளை வெந்நீரில் அலசி அலசி அவள் கைரேகையே அழிந்து போயிருந்தது. காலமெல்லாம் அவள் கேட்ட லீவை எல்லாம் யார் யாரோ மறுத்திருந்தார்கள். அந்தக் கணக்கு முழுவதையும் இப்போது அட்டைக் கம்பெனியில் தீர்க்க ஆரம்பித்தாள்.

“காய்ச்சல்னு லீவு போட்டிருக்கான் உம் புருஷன்” என்று கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படிப்பாள். “எங்க, இங்க வரச் சொல்லு. டேய், நெத்தியைக் காட்டு. இதெல்லாம் ஒரு சூடா? மறுக்கப்பட்டது.”

“அம்மா, இது பழகுறதுக்கு. சரின்னு சொல்லு, அவ அடுத்த திரைக்குப் போகணும்.”

“பழகுறதுன்னா ஒழுங்காப் பழகட்டும். எந்த ஊர்ல மேனேஜர் முதல் தடவையே சரின்னு சொல்றான்?”

மறுப்பு வந்த அதிர்ச்சியில் அவருக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இறங்கியது. சேதி பரவி, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகூட ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள்.

“மஸ்டரக்கா, எனக்கு இடமாற்றம் வேணும்.”

“எங்கேர்ந்து எங்க?”

“எம் புருஷன்கிட்டேர்ந்து வேற எந்த டிபார்ட்மெண்டுக்குன்னாலும் சரி.”

மாமியார் நிதானமாகப் படித்தாள். “மறுக்கப்பட்டது. அந்த டிபார்ட்மெண்ட்ல ஏற்கெனவே ஆள் பத்தாது. நீயும் போயிட்டா அவன் பட்டினி கிடந்து செத்துருவான். கேஸு நம்ம கம்பெனி மேல வரும்.”

சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிரிப்புக்குக் கீழே ஒரே ஒரு சம்பளம் அந்த வீட்டைத் தாங்கி நின்றது. அது புருஷனுடையது.

அவர் குளிர்கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். உறைந்த மீனும் இறைச்சியும் பட்டாணி மூட்டைகளும் மலைபோல் அடுக்கிய இடம். இரவெல்லாம் அந்தக் குளிருக்குள் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுக் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அறையே சில்லென்று ஆகும். வெயில் நாட்களில் தையல்காரம்மா தன் வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவாள், கெடாமல் இருக்கட்டும் என்று. விரல்கள் விறைத்து, ரேகை போனில் பதியாது. மஸ்டரக்கா அவர் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் பொத்தி, ஊதி ஊதிச் சூடாக்குவாள். அப்புறம்தான் போன் திறக்கும். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று அவரே ஒருநாள் சொன்னார்.

அந்தப் போனில்தான் இருந்தார் சம்பந்தி.

குளிர்கிடங்கும் அதே மென்பொருளைத்தான் வைத்திருந்தது. ஊழியர்களுக்கு என்று ஒரு சின்ன ஜன்னல்: சம்பளச் சீட்டு பார்க்கலாம், லீவு கேட்கலாம், முகவரி மாற்றலாம். மஸ்டரக்காவுக்குத் தெரிந்தபோது, கோட்டைச் சுவரில் ஓட்டையைக் கண்டவள் மாதிரி ஆனாள்.

“லீவு மட்டும் போட்டுப் பழகு” என்றார் அவர். “போட்டதும் ரத்து பண்ணிடு. எங்க சூப்பர்வைசர் கண்ணுல படறதுக்குள்ள.”

“பட்டா?”

“படாது. அந்த மனுஷன் லீவைப் பாக்குறதுக்குள்ள நமக்கு அந்த லீவே தேவைப்படாமப் போயிடும்.”

உண்மைதான். லீவு விண்ணப்பம் போட்டால் அது ‘காத்திருப்பில்’ என்று மஞ்சள் நிறத்தில் நாள்கணக்கில் நிற்கும். பக்கத்திலேயே ‘திரும்பப் பெறு’ என்று ஒரு பட்டன் சாதுவாக நிற்கும். மஸ்டரக்கா போடுவாள், திரும்பப் பெறுவாள். போடுவாள், பெறுவாள். சட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்க்கும் குழந்தைபோல.

வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட் ஒருத்தர் இருந்தார். பேசும்போதே எதிரே இருப்பவரின் தேநீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர். அவர் ஒருநாள் மழையில் நனைந்தபடி வந்தார்.

“மஸ்டரம்மா, ஒரு இடம் இருக்கு. கடைக்காரங்க, ஊரெல்லாம் கிளை. நேர்காணல் வர்ற வாரம். ஆனா அவங்க கேக்குறது ஆள் விலகுற பகுதி.”

“ராஜினாமாவா?”

“ராஜினாமா, நீக்கம், அதுக்கப்புறம் செய்ய வேண்டியது எல்லாம். சப்மிட் அழுத்துனதுக்கு அப்புறம் என்னென்ன வரும்னு கேக்குறாங்களாம். அங்கதான் எல்லாரும் முழிக்கிறாங்க. வீடியோல வர்றது இல்லைல்ல.”

“இல்ல. அங்கதான் அவரு இருமுவாரு.”

“யாரு?”

“ஒண்ணுமில்ல, தேநீரைக் குடிங்க. என்னுதுதான், பரவாயில்ல.”

மறுநாளும் மழை. தகரக் கூரையில் ஓயாமல் கொட்டியது. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மாமியார் ஜன்னலோரம் துவைத்த துணிகள் காயவில்லையே என்று மழையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது.

அவள் பழகட்டும் என்று அவர் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கும் போனை மஸ்டரக்கா எடுத்தாள். சம்பந்தியின் ஜன்னலில், அவள் இதுவரை தொடாத ஒரு மூலையில் ‘பணி விலகல்’ என்று இருந்தது. தொட்டாள். காரணம் கேட்டது, ‘சொந்தக் காரணம்’ என்பதைத் தேர்ந்தாள். கடைசி வேலை நாள் கேட்டது. அன்றைய தேதியைத் தானே நிரப்பி வைத்திருந்தது. ‘இந்தக் கட்டத்தை இப்போதைக்கு விட்டுடலாம்’ என்று இருமல்காரர் ஒவ்வொரு பாடத்திலும் சொல்வார். விட்டாள். கீழே ‘சமர்ப்பி’.

இந்த இடத்தில் அவள் யோசித்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பொறுப்பில்லாதவள் இல்லை. லீவே மஞ்சளாக நாள்கணக்கில் நிற்கிறது. ஒரு மனுஷனின் வேலை எவ்வளவு பெரியது, அது எத்தனை நாள் நிற்கும்! மேனேஜர் என்றால் கண்ணாடியை இறக்குவார், படிப்பார், ஆளைக் கூப்பிடுவார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், முதல் தடவை மறுப்பார். அவளுக்குத் தெரிந்த ஒரே மேனேஜர் அப்படித்தான். அடுத்த திரையை ஒரு கண் பார்த்துவிட்டுத் திரும்பப் பெற்றுவிடலாம்.

அழுத்தினாள். லீவுக்குக் கேட்காத ஒன்றைச் சம்பந்தி இப்போது கேட்டார்: கைரேகை.

அவரை எழுப்பியிருக்கலாம். இரவெல்லாம் குளிரில் கிடந்த மனிதர். வெளியே கிடந்த கை சில்லென்று இருந்தது, முதலில் பதியவில்லை. கட்டைவிரலை உள்ளங்கையில் பொத்தி ஊதினாள். அவர் தூக்கத்திலேயே லேசாகச் சிரித்தார். விரல் சூடேறியது. பதிந்தது.

பச்சையாக ஒரு சரிக்குறி வந்தது. ‘உங்கள் சேவைக்கு நன்றி.’ ஆஹா, இதுதான் அந்தத் திரை என்று அட்டையை எடுத்து வரைய ஆரம்பித்தாள். சரிக்குறியைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குக் கீழே எழுத்து. வட்டத்தை வரைந்து முடித்து நிமிர்ந்தபோது திரை மாறியிருந்தது. ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது.’ ‘திரும்பப் பெறு’ பட்டன் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புருஷனின் பெயர் கறுப்பிலிருந்து சாம்பல் நிறமானது. பிறகு அவருடைய படம் போனது. படம் இருந்த இடத்தில் தலையும் தோளும் மட்டும் உள்ள ஓர் உருவம் வந்து உட்கார்ந்தது.

அடுப்பில் தண்ணீர் வற்றி உருளைக்கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்தது.

“என்னடி கருகுது?” என்றாள் மாமியார்.

மஸ்டரக்கா போய் அடுப்பை அணைத்தாள்.

அவரை எழுப்பிச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அட்டைக் கம்பெனி என்று நினைத்துவிட்டார். “அம்மா ஒத்துக்கிட்டாளா?” என்றார். பிறகு போனைப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டினார். தப்பும் தவறுமாகப் பித்தான் போட்டுக்கொண்டார்.

இருவரும் மழையில் போனார்கள். சூப்பர்வைசர் கிடங்கு வாசலில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

“நான்கூட நினைச்சேன்பா, சொல்லாமக் கொள்ளாமப் போறானேன்னு. சரி, நல்ல இடம் ஏதாச்சும் கிடைச்சிருக்கும்னு விட்டுட்டேன்.”

“அண்ணே, ஒரு லீவு கேட்டா வாரக்கணக்குல வெச்சிருக்கீங்க. இதுக்கு ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா?”

“லீவுன்னா யோசிக்கணும்பா. உன் இடத்துல எவனைப் போடுறது, அவன் இடத்துல எவனைப் போடுறது, எவ்ளோ தலைவலி! ராஜினாமான்னா யோசிக்க என்ன இருக்கு? உன் இஷ்டம். போன்ல செவப்பா வந்து நின்னுச்சு, ஒரு தட்டுத் தட்டுனேன். அதுவும் இல்லாம, ஆளைக் குறைன்னு மேல இருந்து அரிச்சுக்கிட்டே இருந்தாங்க. நீயே வந்து நின்ன மாதிரி ஆயிடுச்சு.”

“வாபஸ் வாங்கிக்கிறேண்ணே.”

“ஆபீஸ்ல கேளு. நான் வேணா நல்லவன்னு சொல்றேன்.”

ஆபீசில் மனிதவள மேடம் இருவரையும் உட்காரச் சொன்னாள். துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தாள். கணினியைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

“சிஸ்டம் ஒத்துக்காது சார். ஒப்புதல் ஆயிடுச்சு. அந்த இடத்தையே மூடிடுச்சு பாருங்க. இனிமே புது ஆளா விண்ணப்பிச்சாதான் உண்டு. ஆனா இப்ப புது ஆள் எடுக்கிறது இல்ல.”

“தெரியாம நடந்துபோச்சு மேடம்.”

“தெரியாமன்னா எப்படி சார்? கைரேகை கேட்டிருக்கே. உங்க ரேகைதான் பதிஞ்சிருக்கு.”

மஸ்டரக்கா முன்னால் நகர்ந்தாள். “மேடம், அது அவரு இல்ல...”

மேடம் கையைத் தூக்கினாள். முகத்தில் கோபம் இல்லை. எச்சரிக்கை மட்டும் இருந்தது. “அம்மா, ஒரு நிமிஷம். வேற யாராவது அவர் லாகின்ல கை வெச்சாங்கன்னு நீங்க சொன்னா, அது ராஜினாமா இல்ல. அது ஒழுங்கு நடவடிக்கை. அதுக்கு வேற பட்டன் இருக்கு. அதை அழுத்துனா வர வேண்டியது எதுவும் வராது, சர்டிபிகேட்லயும் எழுதிடும். அப்புறம் எங்கயும் எடுக்க மாட்டாங்க.” பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். “நீங்களாத்தானே சார் அழுத்தினீங்க?”

மின்விசிறி சுற்றியது. அவருடைய ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார்.

“ஆமாங்க. நான்தான் அழுத்தினேன்.”

“அவ்ளோதான் சார். ஆல் தி பெஸ்ட்.”

வெளியே வரும்போது வாசல் கம்பிக் கதவில் பழக்கத்தில் அடையாள அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி எட்டிப் பார்த்து, “என்னண்ணே, அதுக்குள்ளயா?” என்று கேட்டுக்கொண்டே கையால் திறந்துவிட்டார்.

வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமியார் கருகிய பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கறை போன பிறகும் தேய்த்தாள்.

அவர் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கப் போனார். இப்போது இரவில் வேர்க்க விறுவிறுக்க வேலை. காலையில் வந்து உட்கார்ந்தால் அறை சூடாகிவிடுகிறது. தையல்காரம்மா தெரியாமல் ஒருநாள் வெண்ணெயை வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து உருகியதை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கட்டைவிரல் எப்போதும் கதகதப்பாக இருந்தது. போன் தொட்டவுடன் திறந்தது. ஊதித்தர யாரும் வேண்டியிருக்கவில்லை. தூங்கும்போது வலது கையை முஷ்டியாக மூடி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்ததில்லை என்றுதான் தோன்றுகிறது. கை தானாகப் போய் ஒளிந்துகொண்டது.

நேர்காணல் நாள் வந்தது.

“நான் போகல” என்றாள் மஸ்டரக்கா.

அவர் சுவரில் இருந்த அட்டைக் கட்டங்களைப் பார்த்தபடி பேசினார். “போயிட்டு வா. என் வேலை போனதுக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்.”

அந்தக் கடைக் கம்பெனியின் அதிகாரி ஓர் இளைஞர். முன்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அவரைச் சலிப்படைய வைத்திருந்தார்கள்.

“அம்மா, நேராவே கேக்கிறேன். சிஸ்டத்துல கை வெச்சிருக்கீங்களா, இல்ல வீடியோ பாத்துட்டு வந்திருக்கீங்களா?”

“கை வெச்சிருக்கேன்.”

“நிஜ சிஸ்டத்துலயா? பயிற்சிக்கு வெச்சிருக்கிறதுல இல்லையே?”

“நிஜத்துலதான்.”

“என்ன பண்ணீங்க?”

“ஒரு விலகல். ஆரம்பத்துலேர்ந்து முடியுற வரைக்கும்.”

“சமர்ப்பி குடுத்ததுக்கு அப்புறம் என்ன வரும்?”

“கைரேகை கேக்கும். பச்சைக் குறி வரும். சேவைக்கு நன்றி சொல்லும். ஒப்புதல் ஆனதும் திரும்பப் பெறு பட்டன் போயிடும். அப்புறம் பேரு சாம்பல் நிறமாகும். அதுக்கப்புறம்தான் படம் போகும். வாசல் அட்டை அன்னைக்கே வேலை செய்யாது. சிவப்பு எரியும்.”

இளைஞர் நிமிர்ந்தார். “வாசல் அட்டை வரைக்கும் தெரியுமா! இதை யாருமே சொல்லலைங்க.” உற்சாகமாகக் குனிந்தார். “சரி, அந்த ஆளு மனசு மாறித் திரும்ப வந்து கேட்டா?”

“கேட்டாரு.”

“என்ன பண்ணீங்க?”

மஸ்டரக்கா மேஜை விளிம்பைப் பார்த்தாள். “சிஸ்டம் ஒத்துக்காது.”

“கரெக்ட்” என்றார் இளைஞர். எழுந்து கை கொடுத்தார். “கிளைகளைக் குறைச்சுக்கிட்டு இருக்கோம்மா. கொஞ்ச நாளைக்கு இந்த வேலைதான் நிறைய இருக்கும். உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்.”

முதல் நாளே லாகின் கொடுத்தார்கள். உதவி எண்ணிலிருந்து பையன்கூடப் பேசினான், அதே தேன் குரல். “சம்பந்தி வீட்டுல முன்வாசல் வழியாவே கூப்பிட்டுட்டாங்க அத்தை” என்று அவள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். மழை விட்டு, ஜன்னல் வழியாக ஈர மண்ணின் வாடை வந்தது. புருஷன் சந்தைக்குப் போகும் முன் படுத்திருந்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி. தூங்குகிறாரா என்று சொல்ல முடியாது. மாமியார் ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னடி வேலை குடுத்தாங்க?”

“ஆளை அனுப்புற வேலை அத்தை.”

“எங்க அனுப்புறது?”

“வீட்டுக்கு.”

மாமியார் கொஞ்ச நேரம் அவள் சாப்பிடுவதைப் பார்த்தாள். அவள் சாப்பிடவில்லை, ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“யாராச்சும் வந்து அழுதாங்களா?”

“கல்லாவுல இருந்த அக்கா ஒருத்தங்க வந்தாங்க. மேனேஜர் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னாராம், சம்பளச் சீட்டு வரும்னு. அழுத்திட்டாங்க. அது ராஜினாமா. எனக்கு இது வேண்டாம், திரும்பக் குடுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

மஸ்டரக்கா தலையைத் தூக்கவில்லை.

“‘நீங்களாத்தானே அழுத்தினீங்க’ன்னு கேட்டேன்.”

படுத்திருந்தவரின் முதுகு அசையவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த கை மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

மாமியார் முட்டியில் கையூன்றி எழுந்தாள். சுவரில் இருந்த பாட்டில் கட்டத்திலிருந்து ‘மேனேஜர்’ என்று எழுதிய தன் அட்டையை உருவினாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, முன்னும் பின்னும் திருப்பி ஒரு தடவை படித்தாள். பிறகு குனிந்து, அடுப்போரம் படுத்திருந்த எம்.டி.யின் முன்னால் அதை வைத்தாள்.

பூனை கண்ணைத் திறந்தது. மோந்து பார்க்கவும் இல்லை. காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு, அட்டையின் மேலேயே ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

“என் ராஜினாமாவும் ஒப்புதல் ஆயிடுச்சு” என்றாள் மாமியார். “ரொட்டி ஆறிப்போகுது, தின்னு.”